வான ஒண்ணு கட்டாயம் வேணும்

ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரியில், ஒரு பங்குனி மாதத்து வெயிலில், சரியாக எங்கள் வீட்டுக்கு எதிரே மட்டும் மழை பெய்தது. அரை நிமிஷம் பெய்திருந்தால் அதிகம். பக்கத்துத் தெருவில் ஒரு சொட்டு இல்லை. அந்த மழைக்குக் காரணம் நான்தான். அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். தெலுங்கில் வகுப்புக்கே முதல் மார்க். அந்த முதல் மார்க் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், எங்கள் தெருப் பெண்கள் வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுவந்து தெருவில் ஊற்றியிருக்க மாட்டார்கள்.

அம்மா குவைத்துக்குப் போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. தறி வாரத்தில் நாலு நாள் ஓடி மூன்று நாள் நின்ற காலம். நூல் விலை, மில் துணி, டெல்லியில் மாற்றிய சட்டம் என்று பெரியவர்கள் ஏதேதோ காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், சத்தம் நின்ற நாட்களில் அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, தலைவலி வரும் என்பதுதான். பவர்லூம் சத்தத்திலேயே பிழைத்தவருக்கு அமைதி ஒத்துக்கொள்ளவில்லை. புத்தூர் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு அக்கா வந்து பேசிவிட்டுப் போக, அம்மாவும் ஒரு வீட்டுச் சமையலுக்கு என்று இரண்டு வருஷத்துக்குக் கிளம்பிவிட்டாள். எனக்குத் தலை வாரிவிடும் பொறுப்பை எதிர்வீட்டு அத்தை, அதாவது நைனாவின் அக்கா, ஏற்றுக்கொண்டாள். அத்தை வாரிவிட்டால் இரண்டு நாளைக்கு என் புருவம் கீழே இறங்காது.

கடிதம் எழுதுவதில் எங்கள் வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அம்மா பள்ளிப்பட்டுக்காரி, தமிழில் ஐந்தாவது வரை படித்தவள். நைனாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். நான் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். வாயைத் திறந்தால் தமிழ், ஆனால் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. ஆக, அம்மா போன பிறகு வீட்டில் கடிதம் படிக்க ஒரே ஆள் நான், நான் படிக்கக்கூடியது தெலுங்கு எழுத்து. நல்லவேளையாக அம்மா என் ஒன்றாம் வகுப்பிலேயே என்னோடு சேர்ந்து தெலுங்கு எழுத்தைக் கற்றுக்கொண்டிருந்தாள். நான் ஸ்லேட்டில் எழுதுவேன், அவள் அரிசி களைந்துகொண்டே எட்டிப் பார்த்து வாய்விட்டுச் சொல்வாள். குவைத்திலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் தமிழ்ப் பேச்சு, தெலுங்கு எழுத்து.

அதிலும் ஒரு குறை இருந்தது. தெலுங்கில் 'ம்' என்று முடிகிற சொல்லுக்குக் கடைசியில் சின்னதாக ஒரு வட்டம் போட வேண்டும். அதைச் சுன்னா என்போம். அம்மாவுக்கு அந்தச் சுன்னா மட்டும் வசப்படவே இல்லை. 'பணம்' அவள் கையில் 'பண' என்று நிற்கும், 'மாசம்' 'மாச' ஆகிவிடும். நான் விட்டுப்போன சுன்னாக்களை எல்லாம் மனசுக்குள் போட்டுக்கொண்டே உரக்கப் படிப்பேன். அப்படிப் படிப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அந்த வருஷம் மாசியில் புத்தூர் அக்கா ஒரு மாத லீவில் ஊருக்கு வந்தாள். அம்மா அவளிடம் கொடுத்தனுப்பிய மூட்டையில் புலிப் படம் போட்ட கம்பளி ஒன்று, பால் பவுடர் டின் இரண்டு, எனக்கு மினுமினுக்கும் ரப்பர் பேண்டுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், துண்டில் சுற்றி ஒரு கேமரா. ரோல் போட்டே அனுப்பியிருந்தாள். முப்பத்தாறு படம் எடுக்கலாம் என்று புத்தூர் அக்கா சொன்னாள். லீவு முடிந்து போகும்போது படங்களை வாங்கிக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுப்பதாகவும் சொன்னாள்.

கேமரா வந்த சேதி கேட்டதும் அத்தை தன் வீட்டுக்குப் போய்ப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டேன். நைனா வாசலில் நாற்காலி போட்டுப் பின்னால் ஒரு போர்வையைக்கூடக் கட்டிவிட்டார். அதற்கப்புறம்தான் கேமரா உறைக்குள் மடித்து வைத்திருந்த கடிதம் கண்ணில் பட்டது. அம்மா எழுதியிருந்தது இது:

"நம்ம தெருவ காலையில ஒண்ணு, மத்தியான ஒண்ணு, சாயந்தர ஒண்ணு புடிங்க. மலைய புடிங்க, பனியில ஒண்ணு, வெயில்ல ஒண்ணு. கோயில் மரத்த புடிங்க. மனுசங்க யாரு வேணா. வான ஒண்ணு கட்டாய வேணு."

நான் நிறுத்தி நிதானமாக, சுன்னாக்களைப் போட்டுப் படித்தேன். 'மத்தியானம்' ஆயிற்று, 'சாயந்தரம்' ஆயிற்று, 'மனுசங்க யாரும் வேணாம்' ஆயிற்று. கடைசி வரி "வான ஒண்ணு கட்டாயம் வேணும்" என்று முடிந்தது. 'வான'வுக்கு மட்டும் சுன்னா போடத் தோன்றவில்லை. அது தானாகவே முழுசாக நிற்கிற தெலுங்குச் சொல். வான என்றால் மழை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்.

நைனா ஒரே ஒரு தடவை சந்தேகம் கேட்டார். "வானம்னு இருக்குதா பாப்பா, வானன்னு இருக்குதா?"

"சுன்னா இல்ல நைனா. வானதான். மழ."

அவர் கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரிந்தவர் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அத்தைக்கு மழையில் ஒரு குழப்பமும் இல்லை. "அங்க மழயே கெடையாதாம். பாவம், கேக்கறா. ஆனா மனுசங்க வேணான்னு எழுதிக்கீறாளே, அதுக்கு இன்னா சொல்ற? நானு பட்டு கட்டிக்கினு வந்து நிக்கிறேன்," என்று சொல்லி, போட்ட நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"நானும் மனுசங்களா நைனா?" என்று கேட்டேன்.

"நீதான படிச்ச," என்றார்.

அம்மாவுக்கு என்னைப் பார்க்க ஆசை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரு வருஷமாக என் முகத்தைப் பார்க்காதவள், மரத்தைக் கேட்கிறாள், மலையைக் கேட்கிறாள், மழையைக்கூடக் கேட்கிறாள், என்னை வேண்டாம் என்கிறாள். அழுதால் பவுடர் போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன். முப்பத்தாறு படத்தில் ஒன்றிலாவது நான் இருந்தே தீருவது என்று அந்த நாற்காலி இல்லாத வாசலில் நின்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை படம் பிடிக்க ஆரம்பித்தபோதுதான், ஆள் இல்லாத தெருவைப் பிடிப்பது எத்தனை கஷ்டம் என்று தெரிந்தது. நைனா கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனால் போதும், எங்கிருந்தோ ஆட்கள் வந்து நேராக நிற்பார்கள். சைக்கிளில் போகிறவர் இறங்கித் தலையைச் சீவிக்கொள்வார். பால்காரர் கேனை மறைத்துக்கொண்டு சிரிப்பார். "தள்ளுங்கண்ணா, தெருவத்தான் புடிக்கிறேன்," என்று நைனா ஒவ்வொருவரிடமும் கெஞ்ச வேண்டியிருந்தது. தெருவில் பிடிக்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை. நைனாவுக்கும் முதல் மூன்று நாள் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் தெருக்கோடியில் மூக்கு தெரியும். நகரி மலையின் உச்சியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மல்லாந்து படுத்திருக்கிற ஒரு முகத்தின் மூக்கு. சூரியன் அதன் பின்னாலிருந்து வருவதால் காலையில் அது கறுப்பாக நிற்கும். பனி இருந்தால் பாதி மூக்குதான் இருக்கும். மத்தியானத்தில் மங்கலாகி, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வெயில் நேராக விழும்போது செம்மண் பூசிய மாதிரி சிவக்கும். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற மூக்கு அது. ஒரு நாளில் இத்தனை நிறம் மாறுகிறது என்பது கேமரா வந்த பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

நைனா மெல்ல மெல்ல வேறு ஆளாகிக்கொண்டு வந்தார். தறி நின்ற நாட்களில் தலைவலி என்று படுப்பதை விட்டுவிட்டார். சாயம் போட்ட நூலைக் கழியில் தொங்கவிட்டுக் காய வைத்திருக்கும் இடத்துக்குப் போய், வெயில் அதன் ஊடாக வரும் நேரத்துக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "காலையில ஏழுல இருந்து ஏழே காலுக்குள்ள புடிச்சிடணும் பாப்பா. அப்பறம் தெரு செத்துப்பூடுது," என்பார். தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டு போன ஒரு காலையில் ஈரமான தெருவில் எதிர்வீடுகள் தலைகீழாகத் தெரிந்ததைப் பார்த்து, தின்றுகொண்டிருந்த இட்லியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க அந்தக் காலத்தில் வழி கிடையாது. ரோல் முடிந்து கழுவினால்தான் தெரியும். கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுகிற வேலை அது. ஆனாலும் அவர் சந்தோஷமாக இருந்தார்.

நான்தான் கணக்குப்பிள்ளை. ஒரு பழைய நோட்டில் எத்தனையாவது படம், என்ன படம், எத்தனை மணிக்கு என்று தெலுங்கில் எழுதி வைத்தேன். ஒவ்வொரு தடவையும் பட்டனை அமுக்குவதற்கு முன்னால் நைனா திரும்பிப் பார்ப்பார். "எம் பின்னால வந்து நில்லு," என்பார். என் நிழல் தெருவில் விழுந்தால்கூட விடமாட்டார். நான் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் என் செருப்பை வாசற்படியில், கேமராவுக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு வந்தேன். அவர் போய் எடுத்து ஓரமாகப் போட்டார். இன்னொரு நாள் பள்ளிக்கூடப் பையை மரத்தில் மாட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி நின்றேன். அதையும் கண்டுபிடித்துவிட்டார்.

"பைதான நைனா, மனுசங்களா அது?"

"மனுசங்களவிட மோசம் அது," என்று சொல்லிப் பையை என் தோளில் மாட்டிவிட்டார். எனக்கு அந்தப் பதில் புரியவில்லை. கோபம் மட்டும் வந்தது.

பன்னிரண்டாவது படத்தில் எங்களுக்குள் பெரிய சண்டையே வந்தது. ஒரு பிற்பகல், மேலே வெள்ளை மேகம் பிய்த்துப் போட்ட பஞ்சாகச் சிதறிக் கிடந்தது. நைனா வீட்டுக்குப் பின்னால் பாயைப் போட்டு மல்லாந்து படுத்து, கேமராவை நேரே மேலே காட்டி அமுக்கிவிட்டார்.

"மேல இன்னா கீதுன்னு புடிச்ச? ஒரு படம் வேஸ்ட்டு," என்று கத்தினேன்.

"கீதுன்னு வெச்சிக்கோ," என்றார், எழுந்திருக்காமலே.

நான் நோட்டில், '12. ஆகாசம். வேஸ்ட்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். பள்ளிக்கூடத்தில் அதற்கு ஆகாசம் என்று பேர். அத்தை அதை மானம் என்பாள், மானம் மூடிக்கினு இருக்குது என்று. அதற்கு மூன்றாவதாகவும் ஒரு பேர் இருக்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

முப்பத்தைந்து படம் முடிந்தது. ஒன்று மழைக்கு என்று நிறுத்தி வைத்தோம். பங்குனி பிறந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மழை வருகிற சுவடே இல்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் மூக்கைப் பார்த்துக்கொண்டே வருவேன். அது பளிச்சென்று நிற்கும். புத்தூர் அக்கா திருச்சானூர்க் கோயிலில் தாயாரைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்தே கிளம்புவதாகச் சொல்லி அனுப்பினாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ரோலைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும், அதற்குச் சனிக்கிழமை வேண்டும்.

"அம்மா கட்டாயம்னு எழுதிக்குது நைனா," என்று நான் அழ ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால் அழுகை அம்மாவுக்காக மட்டும் இல்லை. கடைசிப் படமும் ஆள் இல்லாமல் முடிந்துவிடப் போகிறதே என்கிற அழுகையும் அதில் கலந்திருந்தது.

அத்தைதான் வழி சொன்னாள். என் அழுகை பொறுக்காமல் தெருவைத் தாண்டி வந்து, "இன்னாடா, கொழந்த அழுதுக்கினு இருக்குது, நீ பாட்டுக்கு நிக்கிற? மழ வர்லன்னா நாம ஊத்த வேண்டியதுதான்," என்றாள்.

நைனா மறுப்பார் என்று நினைத்தேன். செருப்பையும் பையையும் ஒதுக்கியவர், பொய்மழைக்கு ஒப்புக்கொள்வாரா? ஆனால் அவர் அத்தையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஊத்துக்கா," என்றார், உடனே.

அத்தை தெருவில் இறங்கி நாலு வீட்டுக் கதவைத் தட்டினாள். அப்போது எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும், அதுவும் ஒரு மணி நேரம். ஆனாலும் யாரும் இல்லை என்று சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு குடம் வந்தது. குவைத்துக்குப் போனவளுக்கு மழை போகிறது என்றதும், தன் பெண்ணைப் பெங்களூர் கார்மெண்ட்ஸுக்கு அனுப்பியிருந்த ஒரு பெரியம்மா இரண்டு குடமாகக் கொண்டுவந்தாள். அத்தை வீடு மட்டும்தான் அந்த வரிசையில் மெத்தை வீடு. அதன் மாடியில் ஐந்து பெண்கள் குடத்தோடும், வேர்க்கடலை சலிக்கும் சல்லடையோடும் ஏறி நின்றார்கள். சல்லடையைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டி, அதில் ஊற்றினால் கீழே மழையாக விழும். ஒத்திகைக்கு அத்தை ஒரு சொம்பு ஊற்றிப் பார்த்தாள். நிஜ மழை மாதிரியே விழுந்தது. தெருவில் நின்ற ஆடு பயந்து ஓடியது.

எல்லாம் தயாரான பிறகு நைனா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இன்னாடா இப்ப?"

"வெயிலா கீதுக்கா. மேகம் மூடாம மழ பெஞ்சா யாரு நம்புவாங்க?"

அந்த ஒரு மாதத்தில் அவர் கற்றுக்கொண்ட வித்தை அது. வானத்தில் இருந்ததே ஒரு மேகம்தான், அதுவும் கோயில் பக்கம் தூரத்தில் நின்றது. அது நகர்ந்து சூரியனை மறைக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்றார். மாடியில் ஐந்து பெண்களும் இடுப்பில் குடத்தோடு அந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கால் மணி நேரம் ஆயிற்று. அது எங்கள் பக்கம் வருவதும் தயங்குவதுமாக இருந்தது. "நம்மூரு பஸ்ஸு மாதிரி வருது பாரு," என்று பெங்களூர்ப் பெண்ணின் அம்மா சொன்னதும் மாடி முழுக்கச் சிரிப்பு. அதற்குள் தெருவின் இரண்டு பக்கமும் கூட்டம் கூடிவிட்டது. நைனா எங்கள் வாசலில் முக்காலி போட்டு ஏறி நின்றுகொண்டு, ஒவ்வொருவரையாகப் பேர் சொல்லி விலக்கினார். பால்காரரை விலக்கினார். சைக்கிளோடு நின்ற வாத்தியாரை விலக்கினார். அத்தையின் பிள்ளைகள் இரண்டு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சுவருக்குப் பின்னால் போகச் சொன்னார். நான் வாசலுக்குப் பக்கத்தில், நோட்டும் கையுமாக, வழக்கம் போல அவர் தனக்குப் பின்னால் வரச் சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தேன்.

மேகம் வந்தது. தெரு சட்டென்று சாம்பல் நிறமாயிற்று.

"ஊத்துக்கா," என்றார் நைனா.

ஐந்து சல்லடையிலிருந்தும் தண்ணீர் இறங்கியது. மண் வாசனை குப்பென்று வந்தது. அது எப்படி நடந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நோட்டைக் கீழே போட்டது நினைவில்லை, ஓடியதும் நினைவில்லை. மழையைப் பார்த்த எந்தப் பிள்ளையும் செய்வதை நான் செய்திருந்தேன். தண்ணீர் தலையில் விழுந்த குளிர்ச்சியும், மேலே அத்தை "ஏ பொண்ணே" என்று அதட்டியதும், அதற்கு நடுவில் கேமராவின் 'க்ளிக்'கும்தான் நினைவிருக்கிறது. பிறகு தண்ணீர் தீர்ந்துவிட்டது. நான் தெரு நடுவில் சொட்டச் சொட்ட நின்றேன்.

முப்பத்தைந்திலும் ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்ட மனிதரின் கடைசிப் படத்தை, அம்மா கட்டாயம் என்று கேட்ட ஒரே படத்தை, நான் கெடுத்துவிட்டேன். ஒன்றிலாவது இருந்தே தீருவேன் என்று சபதம் போட்டவளுக்கு, இருந்துவிட்டோம் என்று தெரிந்ததும் சந்தோஷம் வரவில்லை. நைனா திட்டவில்லை. முக்காலியிலிருந்து இறங்கித் துண்டால் என் தலையைத் துவட்டினார். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் திருப்பதிக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த கலர் லேபில் ரோலைக் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் எதிரே இருந்த ஓட்டல் வாசலில் உட்கார்ந்திருந்தோம். படங்களைக் கொண்டுவந்து கொடுத்த லேப்காரர் நைனாவை மேலும் கீழும் பார்த்தார். "ஏமன்னா, இல்லு அம்முதாவா?" என்று தெலுங்கில் கேட்டார். வீடு விற்கப் போகிறவர்கள்தான் இப்படி ஆள் இல்லாமல் எடுப்பார்கள் போலிருக்கிறது. நைனா இல்லை என்று தலையாட்டிவிட்டு, படங்களை ஒவ்வொன்றாக அந்தக் கண்ணாடி மேசையில் பரப்பினார்.

மூன்று படம் கறுப்பாகப் போயிருந்தது. இரண்டில் அவருடைய விரல் விழுந்திருந்தது. மற்றவை எல்லாம் வந்திருந்தன. பனியில் பாதி மூக்கு, சாயங்காலம் சிவந்த மூக்கு, நூல் ஊடாக வந்த வெயில், தண்ணீரில் தலைகீழாக நின்ற அத்தை வீடு. காலையிலிருந்து சாயங்காலம் வரை நேரம் பார்த்து அவர் அடுக்க அடுக்க, எங்கள் தெரு அந்த மேசையில் விடிந்து மெல்ல மெல்லப் பொழுது சாய்ந்தது. லேப்காரர் தன் வேலையை விட்டுவிட்டு எங்களோடு குனிந்து பார்த்தார். ஒரு மாதமாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு போட்ட கோலத்தை நைனா முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தார். அவர் அத்தனை அழகாகச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கடைசிப் படம் மழை. சாம்பல் நிறத் தெருவில் கம்பி கம்பியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மேல் ஓரத்தில் அத்தையின் வளையல் கையும் சல்லடையின் விளிம்பும் தெரிந்தன. நடுவில் நான். இரண்டு கையையும் விரித்து, வாயைப் பிளந்து, விழுந்த பல்லின் ஓட்டை தெரிய நேராக கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மட்டும் கத்திரியில வெட்டிடலாமா நைனா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மழையும் கூடவே பூடும்," என்று சொல்லிவிட்டு அந்தப் படத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மாவின் கடிதம் இருந்த அதே பை.

ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போய்ச் சேர்ந்தபோது புத்தூர் அக்கா தரிசனம் முடித்து, லாட்ஜ் வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்து லட்டுவைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். நைனா கவரைக் கொடுத்தார். கொடுத்த கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, சட்டைப் பையிலிருந்த மழைப் படத்தை எடுத்து, கவருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் செருகினார். "இத கடைசியா பாக்கச் சொல்லும்மா," என்றார். மற்ற படங்களைப் பார்த்து மனசு குளிர்ந்த பிறகு இதைப் பார்த்தால் அம்மாவுக்குக் கோபம் வராது, அதற்குத்தான் இப்படிச் செய்கிறார் என்று நான் நினைத்தேன். என்னைக் காப்பாற்றிவிட்டாரே என்று நன்றியாக இருந்தது. லட்டு பிசுபிசுத்த கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வைகாசியில் அம்மாவின் கடிதம் வந்தது. கடைசி வரியில், "வான ரொம்ப நல்லா இருக்குது," என்று எழுதியிருந்தாள். நான் அதை அத்தை வீடு வரை கொண்டுபோய் மூன்று தடவை படித்துக் காட்டினேன். ஆடி மாதம், இரண்டு வருஷத்தில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருக்கும்போதே, அம்மா திரும்பி வந்துவிட்டாள். ஏன் பாதியில் வந்தாள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் வந்த வாரம் நிஜமாகவே மழை பெய்தது. மழையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு நான் தமிழ் எழுத்தும் கற்றுக்கொண்டேன். ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே சென்னைப் பக்கத்துப் பிள்ளைகளோடு வேலை செய்யும்போது தமிழில் மெசேஜ் அனுப்ப வேண்டியிருந்தது. போன வருஷம் நகரி வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பெட்டிகளை இறக்கியபோது, அம்மாவின் குவைத்துப் பெட்டியில் அந்தக் கவர் கிடைத்தது. மூவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். என் பழைய நோட்டும் அதிலேயே இருந்தது. மழைப் படம் வந்ததும், அது பிறந்த கதையை நான் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

அம்மா சிரித்துக்கொண்டே, "நானு எங்க மழ கேட்டேன்? வானம்னுதான எழுதனேன்," என்றாள். அவள் வேலை செய்த வீட்டில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் தெரியுமாம். வெளியே போகும் நாட்களிலும் மேலே தூசிதான், எப்போது பார்த்தாலும் ஒரே நிறம்.

"சுன்னா போடலியே நீ," என்றேன். முப்பது வருஷம் கழித்தும் என் மார்க்கை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"போட்டாலும் போடாட்டியும் அதான் அன்னிக்கே புடிச்சிட்டனே," என்றார் நைனா. கவரில் தேடி ஒரு படத்தை எடுத்து வைத்தார். நீலத்தில் பிய்த்துப் போட்ட வெள்ளை. நோட்டில், பன்னிரண்டாவது. ஆகாசம், வேஸ்ட், அடிக்கோட்டோடு. அம்மா அந்தக் கடிதத்தில் நன்றாக இருக்கிறது என்று சொன்னது இதைத்தான்.

"அப்போ மனுசங்க வேணாம்னது?" என்று கேட்டேன். இத்தனை வருஷம் கேட்காத கேள்வி, சாதாரணமாக வந்துவிட்டது.

"உங்க மூஞ்சியப் பாத்தா அங்க இருக்க முடியாதுன்னுதான். செருப்பப் பாத்தாலே முடியாது," என்றாள் அம்மா. மழைப் படத்தைக் கையில் எடுத்தாள். அதன் ஓரங்கள் தேய்ந்து வளைந்திருந்தன, மற்ற எந்தப் படமும் அப்படி இல்லை. "எல்லாம் வரிசையா பாத்துக்கினே வந்தேன். கடைசியில பாத்தா இது நிக்குது, பல்லு இல்லாம. அன்னிக்கே போய் அந்த வூட்டம்மாகிட்ட என்ன அனுப்பிடுன்னு சொல்லிட்டேன்."

நைனா எழுந்துகொண்டார். சோறு ஆறுது என்று சொல்லிக்கொண்டே அடுப்படிப் பக்கம் நடந்தார். நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்காலிமேல் ஏறி நின்று, தெருவில் இருந்த ஒவ்வொருவரையும் பேர் சொல்லி ஒதுங்கச் சொன்ன நைனா, அன்றைக்கு என் பேரை மட்டும் சொல்லவே இல்லை.